ஒரே வகுப்பு, மூன்று திசை
தேயிலை மலைகள் – 11

சென்ற வாரம் தோட்டப் பாடசாலையோடு நிறுத்தியிருந்தேன். ஒரே மண்டபம், ஒரே வாத்தியார். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பெண் பிள்ளைக்குக் கொழுந்துக் கூடை, ஆண் பிள்ளைக்குக் கவ்வாத்துக் கத்தி. 1945இல் இலவசக் கல்வி இலங்கை எங்கும் வந்தபோதும் அந்த மண்டபங்கள் தோட்டத் துரைமாரின் கையிலேயே விடப்பட்டன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்று முடிக்க எழுபதுகளின் பிற்பகுதி ஆயிற்று. அந்த மண்டபத்தைத் தாண்டி வந்த சில பிள்ளைகள் அடுத்து எங்கே போனார்கள்? ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்த பலரிடம் கேட்டால் வருகிற பதில், ஹைலண்ட்ஸ் கல்லூரி.

ரயில் பாதை 1884இல் ஹட்டனுக்கு வந்தது. நாலாயிரம் அடிக்கு மேலே தேயிலைப் பெட்டிகளை ஏற்றி இறக்கப் பிறந்த ஊர் அது. சில ஆண்டுகள் கழித்து, 1892இல், மெதடிஸ்த மிஷனார் தொடங்கிய பள்ளிதான் இன்றைய ஹைலண்ட்ஸ். 2017இல் அதற்கு 125 வயது நிறைந்தது.

நம்மூரில் ஆண்டு நிறைவு என்றால் மலர் வெளியிடுவார்கள். முதல் பக்கங்களில் வாழ்த்துச் செய்திகள், பிறகு அதிபர்களின் படங்கள், பரீட்சைப் பெறுபேறுகள், விளையாட்டுக் கிண்ணங்கள். இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக நின்ற ஒரு கல்லூரியின் வரலாற்றை அந்தப் பக்கங்களில் தேடினால் கிடைக்காது. தோட்டத்து வரவுப் பதிவேடான செக்ரோலில் பேரும் நாள் கணக்குமாக மட்டும் பதியப்பட்ட ஒரு சமூகத்துக்கு, தன் வாழ்க்கையைத் தானே சொல்லிப் பதிய இடம் கொடுத்த முதல் இடங்களில் ஒன்று பள்ளிக்கூடம். அதன் ஆண்டு நிறைவைப் படித்தவர்களும் படிப்பித்தவர்களும் மணியடித்தவர்களும் தங்கள் வாயால் சொல்லும் கதைகளால் கொண்டாட வேண்டும். அந்தக் கதைகளைக் கேட்கப் புறப்பட்டால், ஹட்டனுக்குள்ளேயே சுற்றிவந்து முடிக்கவும் முடியாது.

அறுபதுகளில் மேல் டிவிசன் ஒன்றிலிருந்து ஹட்டனுக்குப் படிக்க வந்த ஒரு பிள்ளையின் காலையைப் பார்ப்போம். அந்தத் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதையே சொல்வார்கள். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்துக்கு வரச்சொல்லித் தப்பு அடிக்கும். அம்மா இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டே ரொட்டியைத் தட்டுவாள். ஒன்று மகனுக்கு, ஒன்று தனக்கு மலைக்கு. கைக்குழந்தை தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவுக்குப் போகும். மகன் வெள்ளைச் சட்டையைக் கசங்காமல் மடித்துப் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, சப்பாத்து இருந்தால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, குறுக்குப் பாதையில் இறங்குவான். மழைக்காலத்தில் அட்டை கடிக்காமல் அந்தப் பாதையில் வர முடியாது. பஸ் ரோட்டை அடைந்ததும் பீலித் தண்ணீரில் காலைக் கழுவி, அட்டைகளைப் பிடுங்கி எறிந்து, சட்டையை மாற்றிக்கொண்டு வகுப்புக்குள் நுழைவான். அவன் படிப்புக்காக வீட்டில் ஒரு சம்பளம் குறைந்தது. பதினாலு வயதில் பேர் பதிந்திருந்தால் வந்திருக்க வேண்டிய சம்பளம் அது. அதை விட்டுக்கொடுத்த தகப்பனும் அந்தக் கல்லூரியைக் கட்டியவர்களில் ஒருவர்.

வரிசை வீடுகளான லயத்திலிருந்து இப்படி வந்த பிள்ளையிடம், "ஒங்க லயத்துக் கதையை எழுது" என்று சொல்லக்கூடிய ஆசிரியர்கள் அங்கே இருந்தார்கள். இர. சிவலிங்கம் அங்கே கற்பித்தார், அதிபராகவும் இருந்தார். பாடப் புத்தகத்தோடு நின்றுவிடாமல் மேடைப்பேச்சு, நாடகம், வாசிப்பு, வாலிபர் சங்கம் என்று மாணவர்களை வெளியே இழுத்து வந்தவர். தோட்டத்துப் பிள்ளை தலைகுனிந்து நிற்கக்கூடாது என்பது அவருக்குப் பாடத்திட்டத்தைவிட முக்கியம். மலையக மக்கள் தங்களை ஒரு தனித் தேசிய இனமாக எண்ணிப் பார்க்கத் தொடங்கிய அந்தப் பத்தாண்டுகளின் சிந்தனையில் அவருடைய மாணவர்களின் கை பெரிது. அதே கல்லூரியில் ஆசிரியராக இருந்த திருச்செந்தூரன், 'உரிமை எங்கே?' என்ற கதையைக் கல்கி இதழ் நடத்திய ஈழத்துச் சிறுகதைப் போட்டிக்கு அனுப்பிப் பரிசு பெற்றார். தங்களுக்குப் பாடம் சொல்லும் ஒருவரின் கதை சென்னைப் பத்திரிகையில் வந்தது என்பது அன்றைய மாணவர்களுக்குச் சின்ன விஷயமில்லை. மலையக எழுத்தின் அறுபதுகளைப் பேசும்போது நாம் புத்தகங்களை மட்டும் எண்ணுகிறோம். அந்த எழுத்து ஒரு வகுப்பறையிலும் சேர்ந்து விளைந்தது.

ஒரு சமுதாயமே தன் கல்லூரி என்று சொல்லிக்கொள்ளும் இடமாக ஹைலண்ட்ஸ் அறுபதுகளிலேயே ஆகியிருந்தது என்று நான் நினைக்கிறேன்.

இனி, அந்த வகுப்பு உடைந்த கதை.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. படிக்கலாம், பாஸ் பண்ணலாம். அரசாங்க உத்தியோகத்துக்கு மனுப் போடும்போது பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்பார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். அந்த மிச்சத்தையும் 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். மனுப் போடக் கடைசி நாள் 1970 ஏப்ரல் 30. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர்களின் தொகை ஒதுக்கிய இடங்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு.

மனுவில் கையெழுத்து வைத்தது தகப்பன்மார். வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளையை யாரும் கேட்கவில்லை. "நீங்க எதுக்குடா போட்டிருக்கீங்க, சிலோனுக்கா இந்தியாவுக்கா?" என்று ஒரே மேசையில் இருந்த இருவர் கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை. 1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம். ரேஷன் மாவு குறைந்து, வேலை நாள் குறைந்து, லயங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. இந்தியாவுக்குப் போடாதவர்களும் போயிருந்தால் நல்லதோ என்று யோசித்த காலம் அது.

இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. ரங்குப் பெட்டி, சாமிப் படம், பாய் மூட்டை, கண்டியிலிருந்த இந்திய அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டை. வழியனுப்ப முழு லயமும் வந்து நிற்கும். போகிற பிள்ளையின் கையில் பாடசாலை விடுகைப் பத்திரம் இருக்கும், மடித்துப் பாஸ்போட்டுக்குள் வைத்தபடி. தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், மண்டபம் முகாம். அங்கிருந்து சிலர் நீலகிரிக்குப் போனார்கள். தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அங்கே இருந்தன. ஹட்டனில் இங்கிலிஷ் இலக்கணம் படித்த கைகள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி கொழுந்து கொய்தன. ஒப்பந்தத்துக்குப் பின் பிறந்த பிள்ளைகளையும் சேர்த்தால், இந்த ஒப்பந்தங்களின் கீழ் போனவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல்.

போகாதவர்களையும் நிம்மதியாக விடவில்லை. 1977இலும் 1981இலும் 1983இலும் நடந்த வன்செயல்களில் லயங்கள் எரிந்தன. அடி வாங்கிய குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இறங்கிப் போய்க் காடு வெட்டிக் குடியேறின. அடுத்து வந்த போர் அவர்களை அங்கேயும் விரட்டியது. ஆக, 1970இல் ஒரே வகுப்பில் இருந்தவர்களை இன்று தேடினால் ஒரு பகுதி ஹட்டனிலும் கொழும்பிலும், ஒரு பகுதி வன்னியில், ஒரு பகுதி கடல் கடந்து நீலகிரியில். இர. சிவலிங்கமே பின்னாளில் தமிழ்நாட்டுக்குப் போய்க் கோத்தகிரியில் தாயகம் திரும்பிய மக்கள் நடுவே உழைத்தார். 1999இல் மறைந்தார். அவர் பெயரால் இங்கே இலங்கையில் நினைவுப் பேருரைகள் நடக்கின்றன. அதிபரும் மாணவரும் இரண்டாவது முறையாக இன்னொரு தேயிலை மலையில் சந்தித்தார்கள் என்றால், அந்தச் சந்திப்பும் கல்லூரியின் வரலாறுதானே? அது எந்த மலரில் வரும்?

எஞ்சியவர்கள் என்ன செய்தார்கள் என்பது இதைவிட மகிழ்ச்சியான கதை. ஆசிரியர் ஆனார்கள். எண்பதுகளில் தோட்டத்து இளைஞர்களையே தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களாக எடுக்கத் தொடங்கினார்கள். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிலும், ஜெர்மன் உதவியோடு பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலும் பயிற்சி பெற்றுத் தங்கள் டிவிசனுக்கே திரும்பினார்கள். "நம்ம லயத்துப் புள்ள சேராகி வந்திருக்கு" என்று மலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்க்க வந்த பெண்கள் உண்டு. அந்த ஆசிரியர் ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்குத் தயார்ப்படுத்தி அனுப்பும் பிள்ளை, மீண்டும் ஹட்டனுக்கே வருகிறது.

குறைகள் தீர்ந்துவிடவில்லை. நுவரெலியா பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டம் என்பதால் அதற்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அதைக் குறிவைத்து வெளி மாவட்டப் பிள்ளைகள் இங்கே வந்து உயர்தரப் பரீட்சை எழுதுகிறார்கள் என்ற ஆதங்கம் பெற்றோரிடம் பல காலமாக இருக்கிறது. கணிதம், விஞ்ஞானம் கற்பிக்கத் தமிழ்மொழி ஆசிரியர்கள் போதாது. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி சொன்ன பிறகும், ஒரு பாடத்துக்கு டியூஷன் காசு கட்டுவதென்றால் அந்த வீட்டில் கணக்குப் பார்த்துத்தான் கட்ட வேண்டும்.

அதனால்தான் அடுத்த மலருக்காகச் சொல்கிறேன். அறுபதுகளின் கடைசியில் உயர்வகுப்பில் இருந்தவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. பழைய மாணவர் சங்கங்கள் முதலில் பழைய இடாப்புகளை எடுத்து வருடவாரியாகப் படம் பிடித்து வைக்கட்டும்; மலைநாட்டு ஈரத்தில் தாள் அதிக காலம் நிற்காது. இடையில் பெயர் வெட்டப்பட்ட ஒவ்வொருவரும் எங்கே போனார் என்று தோட்டவாரியாக விசாரிக்கலாம். லயத்தில் மிஞ்சிய சொந்தக்காரரிடம் கூடலூர் விலாசமோ போன் நம்பரோ கட்டாயம் இருக்கும். போகும்போது இப்போது படிக்கிற பிள்ளைகள் இருவரைக் கூட்டிப் போங்கள். கேள்வியை அவர்கள் கேட்கட்டும், பதிவையும் அவர்களே செய்யட்டும். காவலாளி, விடுதிச் சமையற்காரர், கிளார்க் ஆகியோரின் குடும்பங்களையும் விட்டுவிடாதீர்கள். கோத்தகிரி, கூடலூர், வவுனியா, கிளிநொச்சி. இந்த நாலு ஊர்களில் தொடங்கினாலே போதும்.

(தொடரும்)