பேசிய விலை ஒன்று, கேட்கும் விலை ஒன்று

ஒக்கூரைச் சேர்ந்த நமது அங்கத்தினர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம்மிடம் யோசனை கேட்க வந்தார். நிலக்கடலை விற்ற பணத்தையும், வீட்டிலுள்ள இரண்டு தறிகளில் நெய்து மிச்சம் பிடித்த கூலியையும் சேர்த்து வைத்து, ஒரு சிறு மோட்டார் கார் வாங்க அவர் முடிவு செய்திருந்தார். வயதான தாயாரைச் சிவகங்கை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவும், நெய்த சேலைகளைக் காரைக்குடிக்குக் கொண்டு போகவும் அவருக்கு வண்டி தேவைப்பட்டது. விற்பனை நிலையம் ஒன்றில் விலை பேசி, 25,000 ரூபாய் முன்பணம் கட்டி, வண்டி எடுக்க நல்ல நாளும் குறித்துவிட்டார். அந்நாளுக்கு முதல் நாள் மாலையில் விற்பனையாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“கம்பெனி விலை ஏறிவிட்டது, ஐயா. பேசியதற்கு மேல் இருபதாயிரம் கொண்டு வாருங்கள். நாளைக்கு எடுக்காவிட்டால் வண்டி வேறொருவருக்குப் போய்விடும்.”

கொடுப்பதா, விடுவதா என்பதே அவர் கேட்ட கேள்வி. இருபதாயிரம் ரூபாய்க்குத் தறியில் எத்தனை நாள் உட்கார வேண்டும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அத்தொகையையும் கடனில் சேர்த்தால், நூற்றுக்குப் பத்து வட்டியில் ஐந்து ஆண்டுத் தவணையாக அது ஏறத்தாழ 25,500 ரூபாயாக வளர்ந்துவிடும். இத்தகைய சங்கடம் அவர் ஒருவருக்கு மட்டும் நேர்வதன்று. ஆகவே, இவ்விஷயத்தில் அங்கத்தினர்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

காருக்கு விலை வைப்பவர் யார்?

ஒரு காலத்தில் நம் நாட்டில் கார் விலையை அரசாங்கமே கட்டுப்படுத்தி வந்தது. அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்ற மூன்று வகைகளே பெரும்பாலும் கிடைத்த அந்நாட்களில், பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் பலர். அந்தக் கட்டுப்பாடு நீங்கி நெடுங்காலமாகிறது. இன்று கார் விலையைச் சட்டம் நிர்ணயிப்பதில்லை. சோப்புக் கட்டியிலும் மருந்துப் புட்டியிலும் அச்சிட்டிருப்பதுபோல் அதிகபட்ச விலை காரின்மீது அச்சிடப்படுவதும் இல்லை.

ஆகவே வாங்குபவருக்கு உள்ள காப்பு ஒன்றே: இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட விலை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தரப்பினர் தமக்குள் ஒப்பிய விலைக்கு மேல் வியாபாரி வசூலித்தால், அது முறையீட்டுக்குரிய விஷயம் என்று வெளிப்படையாகக் கூறுகிறது. ஆனால் ஒப்பிய விலை எது என்பதைக் காட்ட வேண்டியவர் நாமே. வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான் என்று சட்டம் ஏற்கும். எனினும் அதை மெய்ப்பிப்பது எளிதன்று.

ஏற்றம் மூவகைப்படும்

‘விலை ஏறிவிட்டது’ என்று வியாபாரி சொல்லும்போது, அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு விஷயங்கள் கலந்திருக்கக்கூடும். அவற்றைப் பிரித்தறிவதே முதல் வேலை.

முதலாவது, வரியின் ஏற்றம். ஒப்பந்தம் ஆன பின்னர் அரசாங்கம் வரியை உயர்த்தினால், வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை, அந்த உயர்வை வாங்குபவர் ஏற்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் விதி. ஆனால் அதே விதி, வரி குறைந்தால் அக்குறைவைக் கழித்துக்கொள்ளும் உரிமையையும் வாங்குபவருக்கு அளிக்கிறது. இதைப் பலர் அறியார். 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் சிறு கார்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி நூற்றுக்கு 28-லிருந்து 18 ஆகவும், டிராக்டருக்கு 12-லிருந்து 5 ஆகவும் குறைந்தது. அத்தகைய வேளையில், பழைய விலைப்புள்ளியைக் காட்டிப் பழைய வரியையே கேட்டால் நாம் உடன்பட வேண்டியதில்லை.

இரண்டாவது, உற்பத்தி செய்யும் கம்பெனி அறிவிக்கும் ஏற்றம். இங்கேதான் பதிவுப் படிவத்திலுள்ள சிற்றெழுத்துக்கு வேலை வருகிறது. ‘வண்டி ஒப்படைக்கும் நாளில் நடப்பிலுள்ள விலையே பொருந்தும்’ என்ற ஷரத்து பெரும்பாலான படிவங்களில் அச்சிடப்பட்டிருக்கும். அதன்கீழ் நாம் கையெழுத்திட்டிருந்தால், கம்பெனி எல்லோருக்கும் பொதுவாக ஏற்றிய விலையைத் தட்டிக் கழிப்பது கடினம். 2022-இல் மஹிந்திரா கம்பெனி தனது ஸ்கார்ப்பியோ-என் காரை வெளியிட்டபோது, தொடக்க விலை முதல் 25,000 பதிவுகளுக்கு மட்டுமே என்று முன்னரே அறிவித்தது. பதிவு தொடங்கிய அரை மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் பதிந்துவிட்டனர். அந்த 25,000 பேருக்குப் பின் வந்தவர்கள், இன்ன விலை என்று உறுதியில்லாமலே முன்பணம் கட்டியவர்கள் ஆவர். நமது முன்பணம் விலையைக் கட்டுகிறதா, வரிசையில் ஓர் இடத்தை மட்டும் பிடிக்கிறதா என்பதைக் கட்டுவதற்கு முன்னரே கேட்டறிய வேண்டும்.

ஒப்படைக்கும் நாளை எழுத்தில் தந்துவிட்டு, வியாபாரி தம் தவறினால் காலம் கடத்தி, அதற்குள் விலை ஏறியிருந்தால், நியாயம் வேறாகிறது. ஹரியாணாவில் டிராக்டருக்குப் பதிவு செய்த ஒருவருக்கு உரிய முறையில் வழங்காது பிறருக்கு முந்தி வழங்கி, பின்னர் ஏறிய விலையை அவரிடம் கேட்டதை, நேர்மையற்ற வணிக முறை என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் கருதியது. ஆகவே ஒப்படைக்கும் தேதியை எழுதி வாங்குவது விலையை எழுதி வாங்குவதற்கு இணையானது.

மூன்றாவது, வியாபாரி தாமாகவே சேர்க்கும் ஏற்றம். கையாளும் கூலி, கொட்டடிக் கூலி, மெருகு பூசும் செலவு, நாம் கேட்காத மிதியடி, உறை, அலங்காரச் சாமான்கள் என்று பல பெயர்களில் இது வரும். ஷோரூம் விலை என்பது வண்டியை வியாபாரியின் இடத்தில் வைத்து விற்கும் விலை. அங்கே அதைக் கொண்டுவந்து வைத்ததற்குத் தனிக் கூலி கேட்பதற்கு, நாம் ஒப்பியிருந்தாலன்றி, ஆதாரம் இல்லை. ‘நடப்பிலுள்ள விலை’ என்ற ஷரத்தும் இதற்குத் துணை வராது. அது கம்பெனி விலையைக் குறிக்குமேயன்றி, வியாபாரியின் விருப்பத்தைக் குறிக்காது.

இன்ஷூரன்ஸ் விஷயத்திலும் விழிப்பு வேண்டும். 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு மூன்று ஆண்டுக்குச் சேர்த்து எடுப்பது கட்டாயம். ஆனால் எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது வாங்குபவரின் விருப்பம். வியாபாரி சொல்லும் பிரீமியத்தை வெளியில் ஒரு முறை விசாரித்துப் பார்ப்பது நன்று.

அமெரிக்காவிலும் இதே தொல்லை இருந்தது. கம்பெனி வைத்த விலை எவ்வளவு, வியாபாரி கூட்டியது எவ்வளவு என்று அறியாமல் மக்கள் தவித்ததனால், ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் கம்பெனி குறிப்பிடும் விலையை இனம் இனமாக எழுதி ஒட்ட வேண்டும் என்று 1958-இல் அங்கே சட்டம் செய்தார்கள். வியாபாரி கூட்டிக் கேட்பதை அச்சட்டம் தடுக்கவில்லை. கூட்டியது எவ்வளவு என்பதை மறைக்க முடியாமல் செய்தது. நாமும் இனவாரியான விலைப்புள்ளியைக் கேட்டு வாங்கினால் அதே பயனை அடையலாம்.

விலை ஏற்றினால் செய்ய வேண்டியவை

முதலில், தொலைபேசியில் ‘சரி’ என்று சொல்லிவிடலாகாது. ‘எழுத்தில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்’ என்பதே போதுமான பதில்.

இரண்டாவது, புதிய விலையுடன் வேறொரு படிவம் நீட்டப்பட்டால் அதில் கையெழுத்திடக் கூடாது. தரப்பினர் இசைந்து பழைய ஒப்பந்தத்திற்குப் பதிலாகப் புதியதொன்றைச் செய்துகொண்டால், பழையதை நிறைவேற்ற வேண்டியதில்லை என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கூறுகிறது. ‘இது சும்மா ஒரு சம்பிரதாயம்’ என்று சொல்லி வாங்கும் அந்தக் கையெழுத்து, நம் கையிலுள்ள ஒரே காப்பை அழித்துவிடலாம்.

மூன்றாவது, நல்ல நாளைப் பற்றியது. மாலையும் எலுமிச்சம் பழமும் வாங்கி, உறவினரை அழைத்து, குடும்பத்தோடு போய் நிற்பவர், விலை பேசும் நிலையில் இல்லை என்பதை வியாபாரி நன்கு அறிவார். கணக்கைத் தீர்த்து, முழுப் பட்டியலையும் கையில் வாங்கிய பிறகே நாள் குறிப்பது உத்தமம். அடுத்த வாரத்திலும் ஒரு நல்ல நாள் வரும்.

நான்காவது, கடன் கொடுக்கும் பாங்கிக்குச் செய்தி சொல்ல வேண்டும். பாங்கி பெரும்பாலும் வியாபாரிக்கே நேராகப் பணம் அனுப்புகிறது. பணம் போய்ச் சேர்ந்த பின்னர் நம் பேச்சுக்கு வலு குறையும். விலை முடிவாகும் வரையில் அனுப்ப வேண்டாம் என்று கிளை மானேஜருக்கு எழுதிக் கொடுக்கலாம்.

ஐந்தாவது, வியாபாரிக்கு விரைவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ ஒரு கடிதம் எழுத வேண்டும். அதன் வாசகம் பின்வருமாறு இருக்கலாம்:

“இன்ன தேதியில் தாங்கள் கொடுத்த விலைப்புள்ளியின்படி, இன்ன வகைக் காருக்கு வரி, பதிவு, காப்பீடு உட்பட இன்ன தொகை என்று ஒப்புக்கொண்டு, இன்ன எண் ரசீதின்மூலம் முன்பணம் செலுத்தியுள்ளேன். தாங்கள் இப்போது கேட்கும் கூடுதல் தொகையில் வரி எவ்வளவு, கம்பெனி ஏற்றம் எவ்வளவு, ஏனையது எவ்வளவு என்பதையும், கம்பெனி அறிவிப்பின் நகலையும் ஏழு நாட்களுக்குள் அனுப்பக் கோருகிறேன். ஆதாரமில்லாத தொகையைச் செலுத்த எனக்குச் சம்மதமில்லை. ஒப்பிய விலையில் வண்டியைத் தர இயலாவிடில், முன்பணத்தை முழுவதும் திருப்பித் தருக.”

வண்டி உடனே தேவைப்பட்டுக் கூடுதல் தொகையைச் செலுத்தியே தீர வேண்டிய நிலை வந்தால், ‘ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்து நகலில் ஒப்பம் பெற வேண்டும். ரொக்கமாகத் தராமல் பாங்கி மூலமே செலுத்த வேண்டும்.

முறையீடு செய்யும் வழி

கடிதத்திற்குப் பயன் இல்லையெனில், தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-இல் முதலில் புகார் செய்யலாம். அதன்பின் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். வியாபாரியின் ஊர் எதுவாயினும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிட இன்றைய சட்டம் இடமளிக்கிறது. ஒக்கூர்க்காரர் சிவகங்கையிலேயே முறையிடலாம். வக்கீல் வைத்துக்கொள்வது கட்டாயமன்று. பொருளுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரையில் கட்டணம் இல்லை. 10 லட்சம் வரையில் 200 ரூபாய். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

இங்கே இரண்டு விஷயங்களை மனத்தில் கொள்ள வேண்டும். காரையே பழைய விலைக்குத் தரும்படி உத்தரவு கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதைவிட, அதிகமாக வாங்கிய தொகையோ நஷ்ட ஈடோ கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதே பொருத்தம். மேலும், வியாபார நோக்கத்திற்கு வாங்கிய வண்டிக்கு இச்சட்டத்தின் உதவி இல்லை. தம் பிழைப்புக்காகத் தாமே தொழில் செய்து வாழ்பவர் வாங்கிய வண்டிக்கு விலக்கு உண்டு. ஆகவே தாமே ஓட்டிப் பிழைக்க லோடு வண்டி வாங்கிய அங்கத்தினர் முறையிடலாம். சங்கமே வியாபாரத்திற்காக வண்டி வாங்கினால் சிவில் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். அதனால் சங்கங்கள் தம் ஒப்பந்தத்தை இன்னும் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒக்கூர் அங்கத்தினரின் கணக்கு

நம் அங்கத்தினரின் காகிதங்களை நாம் வாங்கிப் பார்த்தோம். வியாபாரி கையெழுத்திட்ட விலைப்புள்ளி இருந்தது, அது நல்லதாயிற்று. ஆனால் படிக்காமல் ஒப்பமிட்ட படிவத்தில், ஒப்படைக்கும் நாளின் விலை என்ற ஷரத்தும் இருந்தது. மறுநாள் அவர் மாலை இல்லாமல், மைத்துனரை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

“எந்தத் தேதியில் ஏறியது, தம்பி? அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள்” என்று கேட்டார். நெடுநேரத்திற்குப் பின் காகிதம் வந்தது. கம்பெனி ஏற்றம், அதன்மேல் வரும் வரியோடு சேர்த்து, 8,000 ரூபாய்தான். மீதி 12,000 ரூபாய் கையாளும் கூலியும் அவர் கேட்காத சாமான்களும். எண்ணாயிரத்தை அவர் ஒப்புக்கொண்டார்; பன்னிரண்டாயிரத்தை மறுத்து, முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். இரண்டு நாள் கழித்து அத்தொகை பட்டியலிலிருந்து நீங்கியது. ஒன்பதாம் நாள் வண்டி ஒக்கூருக்கு வந்து சேர்ந்தது. படிவத்தை முதலிலேயே படித்து அந்த ஷரத்தை அடிக்கச் சொல்லிக் கேட்டிருந்தால், எண்ணாயிரமும் ஒருவேளை மிஞ்சியிருக்கும்.

எழுத்தின்மீது நம்பிக்கை வைப்பது இந்தச் சீமைக்குப் புதிதன்று. செட்டிநாட்டு நகரத்தார் திருமணத்தின்போதே இசைகுடிமானம் என்ற ஒப்பந்தத்தை எழுதுவது வழக்கம். உறவைச் சந்தேகித்து அதை எழுதுவதில்லை. பின்னால் பேச்சு மாறாதிருக்கவே எழுதுகிறார்கள். வியாபாரியிடம் காகிதம் கேட்பதற்கு நாம் கூச வேண்டியதில்லை.

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடை திறந்த முன்னோடிகளில் பலர் நெசவாளர்களே. எல்லோருக்கும் ஒரே விலை, சரியான எடை என்பதையே அவர்கள் தம் கடையின் நெறியாகக் கொண்டனர். அந்த நெறியைச் சங்கத்தின் கடையில் எதிர்பார்க்கும் நாம், வெளியே ஒரு வண்டி வாங்கும்போது மட்டும் விட்டுக்கொடுப்பானேன்? அங்கத்தினர்கள் வண்டிக்கு முன்பணம் கட்டுமுன், விலைப்புள்ளியையும் படிவத்தையும் சங்க அலுவலகத்திற்குக் கொண்டு வந்து ஒரு முறை படித்துப் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். அதற்கு ஆகும் நேரம் அரை மணிதான்.