மோட்டார் வண்டியின் மின்விசிறி: பழுது காணலும் மாற்றுதலும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் இறுதிப் பகுதியில் 22 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, கடல் மட்டத்திற்குமேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்தை எட்டவேண்டும். சமவெளியில் யாதொரு குறையுமின்றி ஓடிய கார், இவ்வளைவுகளில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் மெல்ல ஏறும்போது, வெப்பங்காட்டும் முள் சிவப்புக் கோட்டை நோக்கி நகர்வதுண்டு. நகரினுள் கிழக்கே கோட்டையிலிருந்து பாளையம் வரை மாலை நெரிசலில் நின்று நின்று செல்லும்போதும் இந்நிலை நேரலாம். வேகமாக ஓடும்போது தோன்றாத இக்குறை மெதுவாகச் செல்லும்போது மட்டும் தோன்றுமாயின், முதலில் ஐயுறத்தக்கது ரேடியேட்டரின் மின்விசிறியேயாகும்.

இதன் காரணம் எளிது. எஞ்சினில் எரியும் பெட்ரோலின் சக்தியில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குளிர்நீரின் வழியே வெளியேறுகிறது. அந்நீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் ஓடித் தன் வெப்பத்தைக் காற்றுக்கு அளிக்கிறது. வண்டி விரைந்து செல்லும்போது எதிர்க்காற்றே இப்பணிக்குப் போதும். வண்டி நின்றால் காற்றும் நின்றுவிடும். அப்போது காற்றை இழுத்துத் தருவது விசிறியின் கடமை. அது தவறினால் எஞ்சினின் அலுமினியத் தலைப்பகுதி வளைந்து, அதனடியில் உள்ள காஸ்கெட்டும் கெட்டுவிடக்கூடும். சிறு பழுதைக் கவனியாமையால் பெருஞ்செலவு நேர்வது இவ்வாறே.

1957-இல் வெளிவந்த அம்பாசடர் வண்டியில், விசிறியை எஞ்சினே ஒரு பெல்ட்டின் மூலம் சுழற்றியது. எஞ்சின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகவே சுழலும் என்பது அம்முறையின் குறை. 1983 இறுதியில் வெளிவந்த மாருதி 800 முதலிய வண்டிகளில் எஞ்சின் குறுக்காக அமைந்தது. அதன் சுழல்தண்டு ரேடியேட்டரை நோக்கி இராமையால், விசிறிக்குத் தனி மின்மோட்டார் வேண்டியதாயிற்று.

இம்மோட்டாரைச் சார்ந்த மின்சுற்றில் நான்கு உறுப்புகளை நாம் நினைவில் இருத்தவேண்டும். குளிர்நீரின் வெப்பத்தை உணரும் உணர்கருவி ஒன்று, அது தரும் குறிப்பின்படி மின்னோட்டத்திற்கு வழி திறக்கும் ரிலே இரண்டாவது, மிகுதியான மின்னோட்டத்தைத் தடுக்கும் பியூஸ் மூன்றாவது, மோட்டார் நான்காவது. இவற்றுள் எது கெட்டாலும் விசிறி நின்றுவிடக்கூடும். ஆகவே, விசிறி சுழலவில்லையெனக் கண்டவுடன் புதிய மோட்டாரை வாங்கிவிடுதல் முறையன்று. மின்னோட்டம் எவ்விடத்தில் நிற்கிறதென்று முதலில் காணவேண்டும். இதற்கு வேண்டுவன ஒரு மின் அளவியும் சிறிது பொறுமையுமே.

தொடங்குமுன் சில எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. எஞ்சின் முற்றிலும் ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. அழுத்தத்தின்கீழ் 100 டிகிரிக்கு மேலும் கொதியாதிருந்த நீர், மூடி திறந்த கணமே பொங்கி முகத்தையும் கைகளையும் புண்படுத்தும். சாவியை எடுத்த பின்னரும் சில வண்டிகளில் விசிறி தானே சுழலத் தொடங்கும். எனவே கை வைக்குமுன் பாட்டரியின் எதிர்மின் இணைப்பைக் கழற்றிவிடுக. மின்சாரத்தால் ஓடும் வண்டிகளிலும், மோட்டாருக்கு இரண்டுக்கு மேற்பட்ட கம்பிகள் செல்லும் வண்டிகளிலும், கீழே கூறும் சோதனைகளை வீட்டில் செய்தல் ஆகாது.

முதற்கண் விசிறியின் இறக்கையை விரலால் சுழற்றிப் பார்க்கவேண்டும். அது தடையின்றிச் சுழலவேண்டும். இறுகியிருந்தாலோ உரசினாலோ மோட்டாரின் பேரிங் தேய்ந்துள்ளதென்பது தெளிவு.

அடுத்து பியூஸைக் காண்க. அது உருகியிருப்பின், அதே ஆம்பியர் அளவுள்ள புதியதை ஒருமுறை இட்டுப் பார்க்கலாம். மீண்டும் உருகுமாயின், மோட்டார் இறுகியிருத்தல் வேண்டும். அல்லது கம்பி எங்கேனும் வண்டியின் உடலைத் தொட்டிருத்தல் வேண்டும். சுழலும் மோட்டார் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. சுழலாத மோட்டாரில் அவ்வெதிர்ப்பு இல்லை. ஆதலால் மின்னோட்டம் பன்மடங்காகிறது. இந்நிலையில் பெரிய பியூஸை இடுவதும், அதனிடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றுவதும் வண்டிக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

பியூஸ் நன்றாயிருப்பின், மோட்டாரின் இணைப்பானைக் கழற்றி, உரிய பியூஸ் பொருத்திய இரு கம்பிகளால் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து நேரே மின்சாரம் தருக. கடைசி இணைப்பை மோட்டாரின் பக்கத்திலேயே செய்க. பாட்டரியினின்று வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பொறியால் பற்றக்கூடும். விசிறி வேகமாகச் சுழன்றால் மோட்டார் குற்றமற்றது. சுழலாவிடில் மோட்டாரே பழுது. உள்ளிருக்கும் கரித்துண்டுகள் தேய்ந்திருத்தல் இதற்குப் பொதுவான காரணம்.

மோட்டார் நன்றாயிருந்தால், பாட்டரியை முன்போல் இணைத்து, பெட்டியில் உள்ள அதே வகை ரிலே ஒன்றை மாற்றி வைத்துப் பார்க்கலாம். பின்னர் எஞ்சினை ஓடவிட்டுக் குளிர்சாதனத்தை இயக்குக. பெரும்பாலான வண்டிகளில் அப்போது விசிறி சுழலும். அவ்வாறு சுழன்றும், எஞ்சின் சூடானபோது சுழலாதிருக்குமாயின், உணர்கருவியை ஐயுறலாம்.

கடலோர ஊர்களில் வாழ்வோர் இணைப்பான்களையும் மறவாது நோக்கவேண்டும். உப்புக்காற்றும் இரு பருவமழைகளும் உள்ள திருவனந்தபுரத்தில் செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு எளிதில் ஏறுகிறது. 120 வாட் மோட்டார் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் மின்னோட்டத்தைக் கொள்ளும். களிம்பினால் 0.2 ஓம் தடை மட்டும் ஏற்பட்டாலும், அம்மின்னோட்டம் செல்லும்போது 2 வோல்ட் வீணாகும். 20 வாட் வெப்பம் அச்சிறு முனையிலேயே தோன்றும். விசிறி தளர்வதோடு இணைப்பானும் உருகிவிடும். முனைகளைத் துலக்கி இறுக்கினாலே பல விசிறிகள் மீண்டும் சுழலும்.

மோட்டாரை மாற்றியே தீரவேண்டுமாயின், பாட்டரியின் எதிர்மின் இணைப்பை மீண்டும் கழற்றியபின், விசிறியைத் தாங்கும் கூட்டின் திருகுகளைக் கழற்றி, கூட்டையும் விசிறியையும் ஒருசேர மேலே எடுக்கலாம். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் நசுங்காதிருக்க, இடையில் ஓர் அட்டையைச் செருகிவைத்தல் நலம். இறக்கையைப் பிடித்திருக்கும் மரை சில வண்டிகளில் வலப்புறம் திருப்பினால் கழலும், வலிந்து திருப்பலாகாது. புதிய மோட்டாரைப் பொருத்தியபின், சுழலும் திசையைச் சோதித்தல் மிக முக்கியம். கம்பிகள் இடம் மாறின் விசிறி எதிர்த்திசையில் சுழலும். ரேடியேட்டருக்குப் பின்புறம் விசிறி அமைந்த வண்டியில், முன்புறம் பிடித்த காகிதத்துண்டு ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்ளவேண்டும். விலகிப் பறக்குமாயின் திசை தவறு.

வழியில் முள் சிவப்பைத் தொடுமாயின், குளிர்சாதனத்தை நிறுத்தி வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுதல் களப்பணியாளர்கள் கடைப்பிடிக்க வேண்டிய விதி. இன்னும் சிறிது தூரம்தானே என்று எண்ணி ஓட்டுவதே எஞ்சினைக் கெடுக்கிறது. ஆசிரியர்களுக்கோ இவ்விசிறி ஒரு நல்ல பாடக் கருவி. ஓம் விதியையும் காந்தத்தின் செயலையும் வெப்பப் பரிமாற்றத்தையும் ஒரே பொருளில் மாணவர்க்குக் காட்டலாம். காரணத்தை வரிசையாகத் தேடிய பின்னரே பொருளை மாற்றவேண்டும் என்னும் பழக்கத்தையும் அத்துடன் ஊட்டலாம்.