எலிக்கு எமன், பிள்ளைகளுக்குத் தோழன்: குட்டி டெரியர் வளர்க்கலாமா?

கரிசல் காட்டில் நாய் என்றாலே நெட்டைக் கால் நாய்தான் நினைவுக்கு வரும். சங்கரன்கோவிலைச் சுற்றியே சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் என்று பேர்பெற்ற இனங்கள் இருக்கின்றன. ராஜபாளையம் நாய்க்கு 2005-ம் ஆண்டு தபால்தலையே வெளியானது. இவை ஓட்டத்துக்கும் காவலுக்கும் ஏற்றவை. ஓடி ஆட இடமும் வேண்டும். பனவடலிசத்திரம் போன்ற ஊர்களில் சின்ன வீடு, ஒட்டினாற்போல் தொழுவம் என்று வாழும் குடும்பங்கள், வீட்டோடு இருக்கும் சிறிய நாயை வளர்க்கலாமா என்று யோசிப்பது இயல்பு. அந்த வரிசையில் வருவதுதான் டெரியர்.

மண்ணைத் தோண்டும் நாய்

லத்தீன் மொழியில் 'டெர்ரா' என்றால் மண். வளைக்குள் புகுந்து எலி, நரி போன்றவற்றை விரட்டுவதற்காக உருவான இனம் என்பதால் இந்தப் பெயர். ஜாக் ரஸ்ஸல் டெரியர், 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வாழ்ந்த பாதிரியார் ஜான் ரஸ்ஸலின் பெயரைத் தாங்கியது. ஏறக்குறைய ஓர் அடி உயரம், 6 முதல் 8 கிலோ எடை. நன்றாகப் பராமரித்தால் 13 ஆண்டுகளுக்கு மேலும் வாழும்.

உருவம்தான் சிறிது, துறுதுறுப்பு அதிகம். தினமும் ஒரு மணி நேரமாவது நடையும் விளையாட்டும் வேண்டும். கட்டியே போட்டால் ஓயாமல் குரைக்கும், செருப்பைக் கடிக்கும், தோட்டத்தைத் தோண்டும். கோழிக்குஞ்சைக் கண்டாலும் துரத்தும். குட்டியாக இருக்கும்போதே கயிற்றில் பிடித்து, கோழி, ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவே நடத்திப் பழக்க வேண்டும். நன்கு பழகும்வரை கோழிகளோடு தனியே விடக் கூடாது.

எலி விஷம்: முதல் எதிரி

வரப்பில் எலி பிடிக்கும் நாய்க்கு, அந்த எலியாலேயே ஆபத்து வரலாம். விஷம் தின்ற எலியையோ, விஷம் கலந்த இரையையோ நாய் தின்றால் உயிருக்கே ஆபத்து.

ஜிங்க் பாஸ்பைடு சில மணி நேரத்திலேயே வேலையைக் காட்டும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. புரோமாடியோலோன் கட்டிகள் வேறு வகை. தின்ற அன்று நாய் நன்றாகவே இருக்கும். சில நாள் கழித்துத்தான் ஈறு, மூக்கு, மலத்தில் ரத்தம் தெரியும். இதற்கு வைட்டமின் கே1 நல்ல மருந்து. அதைப் பல நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும்.

விஷம் தின்றது தெரிந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நேரத்தை வீணாக்கக் கூடாது. மருந்துப் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். சொந்த வயலிலோ பக்கத்து வயலிலோ விஷம் வைத்திருக்கும் நாள்களில் நாயை வீட்டிலேயே கட்டிப்போடுங்கள்.

தடுப்பூசிக் கணக்கு

எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். 6 முதல் 8 வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி. பிறகு 16 வார வயது வரை, 3 முதல் 4 வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள். பார்வோ நோய் வந்தால் வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகச் சில நாளிலேயே குட்டி இறந்துபோகும். அதனால் ஊசி முடியும்வரை தெரு நாய்களோடு பழக விடக் கூடாது. எலி பிடிக்கும் நாய் என்பதால், எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியும் இதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. அதன்பின் மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசி, தொடர்ந்து ஆண்டுதோறும். குடற்புழு மருந்தைத் தொடக்கத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்குப் பின் மாதம் ஒருமுறை, ஆறு மாதத்துக்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம்.

வாசகர்கள் கேட்கும் கேள்விகள்

*மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை நாய்க்கும் அடிக்கலாமா?*

கூடாது. 400 கிலோ மாட்டுக்கான மருந்தை 7 கிலோ நாய்க்குக் கைக்கணக்கில் போட்டால் நஞ்சாகும். உடம்பை நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும். எடை பார்த்து மருத்துவர் தருவதே பாதுகாப்பு. உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் சோர்ந்து, தீனி எடுக்காமல், ஈறு வெளுத்துப் போகும், தாமதிக்கக் கூடாது.

*வீட்டுச் சாப்பாடே போதுமா?*

போதும். சோறு, வேகவைத்த முட்டை அல்லது கோழிக்கறி, கேரட், பூசணி ஆகியவற்றை உப்பு, காரம் சேர்க்காமல் இருவேளை கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகாது. வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

*கோடை வெயிலைத் தாங்குமா?*

நிழலும் தண்ணீரும் இருந்தால் தாங்கும். நடையைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். வாய் பிளந்து அதிகமாக இரைத்துத் தள்ளாடினால், நிழலுக்குத் தூக்கி வந்து உடம்பை நனைத்து, காற்றுப்பட வைத்துக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

*வீட்டு நாய்தானே, பிள்ளையை லேசாகக் கீறினால் என்ன?*

அலட்சியம் வேண்டாம். வெறிநோய் முற்றிய பிறகு காப்பாற்ற வழி கிடையாது. கடியோ கீறலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்கக் கூடாது. சொல்லும் நாள்களில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும்.

*டெரியர்தான் வாங்க வேண்டுமா?*

கட்டாயமில்லை. இதே ஊசியும் தீனியும் அன்பும் கொடுத்தால், தெருவில் கிடைக்கும் நாட்டுக் குட்டியும் நல்ல துணையாகும். நம் வெயிலுக்கும் பழகியது, விலையும் இல்லை.

எந்தக் குட்டியானாலும், கொண்டுவந்த வாரத்திலேயே அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால், திருநெல்வேலி செல்லும் வழியில் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊசி போட்ட தேதிகளை ஒரு நோட்டில் குறித்து, ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே பத்திரமாக வையுங்கள்.