பழைய இயங்குதளமும் இறுவட்டுக் கருவியும்

ஒரு நூல் அழியாதிருத்தல் வேறு. அதனைப் படிக்க வல்லார் இருத்தல் வேறு. ஏட்டுச்சுவடி செல்லரியாது எஞ்சினும், அதன் எழுத்தை அறிவார் இலராயின் பயன் யாது? இறுவட்டுக்களின் நிலையும் இத்தகையதே. 1990களிலும் 2000களிலும் பதியப்பெற்ற பாடங்கள், அகராதிகள், ஒலிப்பதிவுகள் பல இன்றும் வட்டுக்களில் உள்ளன. அவற்றுட் சில அக்கால இயங்குதளங்களிலன்றி இயங்கா. அத்தளங்களைப் புதிய கணினியில் நிறுவ முயல்வோர், இறுவட்டுக் கருவி காணப்படவில்லை என்னுஞ் செய்தியைக் கண்டு, கருவியே பழுதுற்றதென மயங்குவர். காரணம் பெரும்பாலும் வேறோரிடத்தில் உள்ளது.

இயங்குதளம் கருவியோடு நேரே பேசுவதில்லை. 'செலுத்தி' என்னும் சிறு நிரல் இடையே துபாசிபோல் நிற்கும். டொஸ் தளத்திற்கு இத்தகைய நிரல்கள் இரண்டு வேண்டும். முன்னையது கருவியைக் கண்டு அதற்கு ஒரு பெயரிடும். பின்னையதாகிய எம்.எஸ்.சி.டி.எக்ஸ்., அப்பெயரைக் கொண்டு கருவிக்கு ஓர் எழுத்தை வழங்கி, 1988இல் நியமமாக வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 9660 என்னும் கோப்பமைப்பைப் படிக்கும். இரண்டிடத்தும் பெயர் ஒத்திராவிடின் கருவி தோன்றாது.

2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி ஐ.டி.ஈ. முறையை அறியும், 2004இல் வகுக்கப்பெற்ற ஏ.எச்.சி.ஐ. முறையை அறியாது. ஆதலின் நிறுவல் வட்டு பயோசின் துணையால் நன்கு தொடங்கும். பின்னர்த் தளம் தன் சொந்தச் செலுத்தியை நாடும்போது வன்றட்டும் இறுவட்டுக் கருவியும் ஒருங்கே மறைய, நீலத்திரை தோன்றும். பயோசில் ஐ.டி.ஈ. முறையைத் தெரிதல், அன்றி உரிய செலுத்தியை நிறுவலின்போதே அளித்தல், இதற்குப் பரிகாரமாகும்.

2009இல் வெளிவந்த விண்டோஸ் 7 ஏ.எச்.சி.ஐ. முறையை அறியும், யூ.எஸ்.பி. 3.0 வாயிலை அறியாது. 2015 முதலாக வந்த இன்டெல் கணினிகள் பலவற்றில் பழைய யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தி நீக்கப்பட்டது. அவற்றில் யூ.எஸ்.பி. வழி நிறுவுங்கால், இறுவட்டுக் கருவியின் செலுத்தி இல்லை என்று தளம் முறையிடும். உண்மையிற் குறைந்தது வாயிலின் செலுத்தியே. அதனை நிறுவற் கோப்புக்களோடு முன்னரே சேர்த்தல் வேண்டும். சாட்டா வழி இணைந்த கருவியிலிருந்து நிறுவின் இவ்விடர் எழாது.

மிகப் புதிய கணினிகள் பலவற்றில் ஐ.டி.ஈ. முறையும் பழைய பயோஸ் முறையும் இல்லை. ஆண்டு மெய்நிகர்க் கணினியே தக்க வழி. அது பழைய தளத்திற்கு அத்தளம் அறிந்த ஐ.டி.ஈ. கருவியையே காட்டும், வட்டின் முழுப்பிரதியாகிய படிமக் கோப்பை அக்கருவியில் இட்டாற் போதும். ஒலித்தடங்கள் கொண்ட வட்டாயின் ஐ.எஸ்.ஓ. படிமம் அவற்றைக் கொள்ளாது. பின்–கியூ என்னும் இணைக்கோப்பாகப் பிரதிசெய்தல் வேண்டும். எக்ஸ்பிக்கான பாதுகாப்பு உதவி 2014இலும், விண்டோஸ் 7க்கான பொது உதவி 2020இலும் நிறுத்தப்பட்டமையால், அத்தளங்களை இணையத்தோடு பிணைத்தல் நன்றன்று.

வட்டு, கருவி, வாயில், செலுத்தி, கோப்பமைப்பு என ஒவ்வொன்றாக ஆராய்வோர் குற்றம் உள்ள இடத்தைக் காண்பர். ஆயினும், வீட்டிலும் பாடசாலையிலும் பதியப்பெற்ற வட்டின் சாயப்படலம் காலத்தால் மங்குவது. செலுத்தியைப் பின்னருந் தேடலாம். மங்கிய பதிவை மீட்டல் அரிது. ஆதலின், படிக்கக் கூடியபோதே பிரதிசெய்து வைத்தல் முதற்கடனாகும்.