இழுக்கிற எடை வேறு, தாங்குகிற எடை வேறு

மே மாதத்து விக்டோரியா நாள் விடுமுறை வந்துவிட்டால் ஒண்டாரியோவின் 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போகிற கார்களில் பல, பின்னால் ஒரு குட்டி வீட்டையும் இழுத்துக்கொண்டு போகும். கூடாரம் அடித்து, இரவு மழையில் மெத்தை நனைந்து, விடியக் காலையில் குளிரில் நடுங்கி அலுத்துப்போன தமிழ்க் குடும்பங்களுக்கும் இப்போது இந்த டிரெய்லர் ஆசை வந்திருக்கிறது. வழக்கமான கணக்கு இப்படிப் போகும்: பார்த்து வைத்திருக்கிற டிரெய்லர் 3500 பவுண்டு. வாங்க நினைக்கிற எஸ்யுவி 5000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரம் சொல்கிறது. 1500 பவுண்டு மிச்சம். பிறகென்ன, கையெழுத்துப் போட வேண்டியதுதானே?

அவசரப்பட வேண்டாம். 5000 என்பது இழுக்கும் திறன். நடுத்தர எஸ்யுவியில் முதலில் தீர்ந்துபோவது அதுவல்ல, தாங்கும் திறன். டிரெய்லரின் முன்மூக்கு காரின் பின்புறக் கொக்கியில், அதாவது ஹிட்ச்சில், உட்கார்கிறது. அப்படி உட்காரும் பாரத்தை டங் வெயிட் என்பார்கள். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை அது இருக்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் முற்றினால் காரையே திருப்பிப் போட்டுவிடும். ஆகவே அந்தப் பாரத்தைக் குறைத்துத் தப்பிக்க வழியில்லை. கார் அதைச் சுமந்துதான் ஆக வேண்டும். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆட்களோடும் சாமான்களோடும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

கார் எவ்வளவு சுமக்கும் என்று அறிய, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து கதவுச் சட்டத்தைப் பாருங்கள். டயரில் எவ்வளவு காற்று என்று சொல்லும் ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். அதிலேயே, ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு, இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு வரி இருக்கும். டீலர் உங்களை அந்த வரிக்குக் கூட்டிப் போக மாட்டார். நீங்களாகத்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்டிக்கரில் 1250 பவுண்டு, அதாவது 567 கிலோ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா 170, அம்மா 140, வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து 220. ஆக 530. ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலிகள், அடுப்பு, அரிசிப் பை, பிள்ளைகளின் பைகள் என்று பின்னால் 150. கூரைமேல் பெட்டியும் அதில் திணித்ததும் 70. எடையைப் பகிரும் ஹிட்ச் போட்டால் அந்த இரும்பே 80. மொத்தம் 830. மிச்சம் 420 பவுண்டு. டங் வெயிட்டை 13 சதவீதமாக எடுத்துக்கொண்டால், இந்த மிச்சத்துக்குள் அடங்கும் டிரெய்லர் 3230 பவுண்டு. விளம்பரத்தின் 5000 எங்கே போனது என்று கேட்கக்கூடாது. அது காருக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இனி அம்மம்மாவும் வருகிறேன் என்கிறார், 130 பவுண்டு. மிச்சம் 290 ஆகி, டிரெய்லர் 2230க்கு இறங்கிவிடும். அம்மம்மாவை விட்டுவிட்டா போக முடியும்?

சில தயாரிப்பாளர்கள் இதை ஒளிக்காமல் சொல்கிறார்கள். ஹோண்டா பைலட்டின் கையேட்டில், ஆட்கள் கூடக் கூட இழுக்கும் எடை எப்படிக் குறைகிறது என்று அட்டவணையே உண்டு. மற்றவர்கள் சிறிய எழுத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

5000 பொய்யும் அல்ல. இழுக்கும் திறனை அளக்க, வாகனப் பொறியாளர்களின் எஸ்.ஏ.ஈ. அமைப்பு வகுத்த ஜே2807 என்ற தரநிர்ணயம் ஒன்று இருக்கிறது. டொயோட்டா முதலில் அதைக் கைக்கொண்டது, பிறகு மற்றவர்கள் வந்தார்கள். அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே 68ஆம் சாலை பாலைவனத்து வெயிலில் 11.4 மைல் தொடர்ந்து ஏறுகிறது. அந்த ஏற்றம்தான் இதன் அளவுகோல். ஏசியை முழுதாகப் போட்டபடி மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும், எஞ்சின் கொதிக்கக்கூடாது. கடுமையான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் காருக்குள் இருப்பவர்கள் இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்டு. அரிசிப் பையும் இல்லை, அம்மம்மாவும் இல்லை.

இன்னொன்று, ஸ்டிக்கர் அந்தந்தக் காருக்கென்று அச்சடிக்கப்படுவது. ஒரே மாடலில் மலிவான வகைக்கும் உயர்ந்த வகைக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரம், மூன்றாம் வரிசைக்கு மின்சார இருக்கை என்று சேரச் சேர, காரின் சொந்த எடை கூடி, சுமக்கும் எடை குறையும். டிரெய்லர் இழுக்கப் போகிறவர் உச்ச வகையை வாங்குவது பணத்தைக் கொடுத்துப் பலத்தை விற்பதுதான். டீலரின் முற்றத்தில் நிற்கும் ஒவ்வொரு காரின் கதவையும் திறந்து போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். விற்பனையாளர் ஒரு மாதிரியாகப் பார்த்தால் பார்க்கட்டும்.

டிரெய்லர் பக்கமும் இதே விளையாட்டு உண்டு. கையேட்டில் பெரிதாகப் போடும் எடை வெறும் எடை. தண்ணீர், பேட்டரி, கேஸ் சிலிண்டர், பாத்திரம் பண்டம் எதுவும் பெரும்பாலும் அதில் சேராது. தண்ணீர் அமெரிக்க கேலன் ஒன்றுக்கு 8.3 பவுண்டு. 30 கேலன் தொட்டியை நிரப்பினால் 250 பவுண்டு வந்துவிடும். நிரம்பிய 20 பவுண்டு புரொபேன் சிலிண்டர் இரும்போடு சேர்த்து 37 பவுண்டு வரும். ஏர்ஸ்ட்ரீமின் 16 அடி பாம்பியை எடுத்துக்கொண்டால் வெறும் எடை சுமார் 3000, உச்ச எடை 3500. உங்கள் சாமானுக்கு இருப்பது 500தான். எனவே கணக்குப் போடும்போது உச்ச எடையையே எடுங்கள். ஒரு கோடைக்குள் எந்த டிரெய்லரும் உச்ச எடைக்கு அருகில் வந்து நிற்கும்.

காரை முடிவு செய்துவிட்டு டிரெய்லர் தேடுவதைவிட, டிரெய்லரை முடிவு செய்துவிட்டுக் கார் தேடுவதே புத்தி. இரண்டு பேர், அல்லது இரண்டு பேரும் ஒரு சின்னப் பிள்ளையும் என்றால் ஃபைபர் கிளாஸ் முட்டை டிரெய்லர்களைப் பாருங்கள். 1968இல் வினிபெக்கில் பிறந்த போலரின் வழிவந்தவை இவை. மினசோட்டாவின் ஸ்கேம்ப் இன்றும் அச்சில் வார்த்து இரண்டு ஓடுகளை ஒட்டித்தான் செய்கிறது. 13 அடி ஸ்கேம்ப் 1500 பவுண்டை ஒட்டித்தான் இருக்கும். மரச்சட்டத்தில் தகடு அடித்த பெட்டி டிரெய்லர்களைப் போல இவற்றில் கூரை மூட்டு ஒழுகி மரம் உளுத்துப்போகும் தொல்லை மிகக் குறைவு. பழைய போலருக்கு இன்றும் நல்ல விலை கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வடிவம் உருண்டை என்பதால் காற்றையும் எளிதாகக் கிழித்துக்கொண்டு போகும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. நகரத்துக்குள் எடைதான் எதிரி, நெடுஞ்சாலையில் காற்றுதான் எதிரி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 110க்குப் போனால் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எட்டடி அகலச் சுவரைப் பின்னால் கட்டிக்கொண்டு 110இல் போகிறவர் பெட்ரோல் செலவு இருமடங்காகிவிட்டது என்று புலம்பினால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சில எஸ்யுவிகளின் கையேட்டில், டிரெய்லரின் முகப்பு இத்தனை சதுர அடிக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு இருக்கும். எடை சரியாக இருந்தும் இதில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. வாங்குமுன் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். டிரெய்லர் டயர்களில் பல மணிக்கு 65 மைல் வேகத்துக்கே செய்யப்பட்டவை என்பதும் நினைவிருக்கட்டும். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுப்போருக்குச் சட்டமே 55 மைல்தான்.

இனி கார்கள். அண்மைய ஆண்டுகளின் டொயோட்டா ராவ்4, ஹோண்டா சிஆர்-வி போன்றவை பெரும்பாலும் 1500 பவுண்டுக்காரர்கள். ராவ்4இல் அட்வெஞ்சர் போன்ற வகைகள் மட்டும் 3500. சுபாரு அவுட்பேக் சாதாரண எஞ்சினில் 2700, டர்போவில் 3500. முட்டை டிரெய்லருக்கு இவற்றில் சில போதும், குடும்ப டிரெய்லருக்கு இவை வேண்டாம். அடுத்த படி மூன்று வரிசை வண்டிகள். டொயோட்டா ஹைலேண்டர் பெட்ரோல் 5000, அதன் ஹைப்ரிட் 3500. ஹோண்டா பைலட் நான்கு சக்கர இயக்கத்தில் 5000, இரண்டு சக்கர இயக்கத்தில் 3500. கியா டெல்லூரைட், ஹூண்டாய் பாலிசேட், சுபாரு அசென்ட் எல்லாம் 5000 வட்டம். நிசான் பாத்ஃபைண்டர் 2022இல் பழைய சிவிடியைக் கைவிட்டு ஒன்பது கியர் ஆட்டோமேட்டிக்குக்கு மாறியது. அதன் மேல் வகைகள் 6000, கீழ் வகைகள் 3500. ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் டுராங்கோ இரண்டும் வி6 எஞ்சினிலேயே 6200 வரை போகும்.

நான்கு பேர் குடும்பத்துக்கு, 3500 உச்ச எடையுள்ள டிரெய்லருக்கு என்று கேட்டால் என் கை கடைசி மூன்றின் பக்கம்தான் போகும். 6000 இழுத்துக் காட்ட வேண்டும் என்பதற்காக அல்ல. பாதித் திறனில் வேலை செய்யும் கார், ஏற்றத்திலும் எதிர்க்காற்றிலும் மூச்சு வாங்காது. டுராங்கோவுக்கு இன்னொரு நன்மை, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி கிட்டத்தட்ட 120 அங்குலம். ராவ்4இல் 106தான். இடைவெளி நீண்ட காரை டிரெய்லர் எளிதில் அசைக்காது.

அதன் காரணம் நெம்புகோல். பைக்கின் கேரியரில் மூட்டை ஏற்றினால் முன்சக்கரம் லேசாகிவிடுமே, அதேதான். ஹிட்ச் பின்னச்சுக்கு நான்கு அடி பின்னால் இருக்கிறது, சக்கர இடைவெளி 112 அங்குலம், டங் வெயிட் 500 என்றால், பின்னச்சில் ஏறும் பாரம் 500 அல்ல, 700க்கு மேல். மிகுந்த 200 சொச்சம் முன்னச்சிலிருந்து கழன்று வந்தது. ஸ்டியரிங் லேசாகும், பிரேக் பிடிப்பு குறையும், இரவில் உங்கள் முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணைக் குத்தும். எடையைப் பகிரும் ஹிட்ச், இருபுறமும் எஃகுக் கம்பிகளை முறுக்கி அந்தப் பாரத்தின் ஒரு பங்கை முன்னுக்குத் தள்ளுகிறது. சில கார்களுக்கு அது கட்டாயம், சில கார்களின் கையேடு அதைத் தடுக்கிறது. விற்பவர் வாயைக் கேட்காமல் கையேட்டைக் கேளுங்கள்.

காரை வாங்கும்போதே டோ பேக்கேஜ் கேட்டு வாங்குவது நல்லது. அதில் ஹிட்ச் மட்டுமல்ல, கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் அமைப்பும் வயரிங்கும் சேர்ந்து வரலாம். அது இல்லாத காருக்கு இழுக்கும் எண்ணே வேறு. பின்னால் கடையில் வெறும் இரும்பைப் பொருத்துவதால் அந்த எண் ஏறிவிடாது. மின்சார பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஏழு முனை பிளக்கும், காருக்குள் பிரேக் கண்ட்ரோலரும் வேண்டும். நான்கு முனை பிளக் விளக்கு எரிய மட்டுமே உதவும். ஒண்டாரியோவில் மொத்த எடை 1360 கிலோவைத் தொடும் டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். உரிமத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், சாதாரண ஜி உரிமத்துக்கு 4600 கிலோ வரை இடம் உண்டு.

எல்லாம் வாங்கிக் கட்டியபின் ஒருமுறை எடை போட்டே ஆக வேண்டும். லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடைகள் உண்டு. முன்சக்கரம் முதல் பலகையில், பின்சக்கரம் இரண்டாவதில், டிரெய்லர் மூன்றாவதில் நிற்கும்படி ஏற்றி, கம்பத்தில் உள்ள பொத்தானை அழுத்திச் சொன்னால் போதும். மூன்று எடையும் தனித்தனியாக அச்சிட்ட சீட்டு கிடைக்கும். பிறகு டிரெய்லரைக் கழற்றிவிட்டுக் காரை மட்டும் எடை போடுங்கள். காரின் இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் டங் வெயிட். குறைவாக வந்தால் டிரெய்லருக்குள் கனமான சாமானை அச்சுக்குச் சற்று முன்னால் நகர்த்துங்கள். பின்பம்பரில் சைக்கிள் தொங்கவிட்டிருந்தால் முதலில் அதை இறக்குங்கள். கூடுதலாக வந்தால் தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது முன்பக்கம் இருந்தால் காலியாகவே கொண்டுபோய்ப் பூங்காவில் நிரப்பிக்கொள்ளலாம்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு: இழுக்கும் பலம் குறைவில்லை, ஆனால் ஒரு சார்ஜில் போகும் தூரம் பாதியாகும். பெரும்பாலான சார்ஜ் நிலையங்களில் டிரெய்லரைக் கழற்றிவிட்டுத்தான் செருக முடியும். அல்கோன்குவின் பூங்காப் பக்கம் போக இது பெரிய தொல்லை இல்லை, ராக்கி மலைப் பக்கம் போக யோசிக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு வாரம்தான் போவோம் என்றால் இத்தனை கணக்கும் தேவையே இல்லை. ஒட்டாவாவில் தொடங்கிய ஆர்வீஸி போன்ற வாடகைச் சேவைகளில், உரிமையாளரே டிரெய்லரைப் பூங்காவின் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தி, மட்டம் பார்த்து, மின்சாரம் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போகும் வழியும் உண்டு. வாசலில் நிற்கும் சிஆர்-வியில் நீங்கள் அரிசியையும் அம்மம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனால் போதும்.