கடிதப் பை யார் கையில்? சொந்த மின்னஞ்சல் செர்வரும் அதன் காவலும்

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த மூத்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவில் இருக்கும். வெளியூரிலிருந்து வரும் கடிதம் நேராக லயத்து வீட்டுக்கு வந்துவிடாது. முதலில் தோட்ட ஆபீசுக்குப் போகும். கிராணியார் பெயர் பார்த்துப் பிரித்து வைப்பார். வேலை முடிந்து வருகிறவர்கள் போய் வாங்கிக்கொள்வார்கள். அந்தக் கடிதப் பை யார் கையில் இருந்ததோ, அவர் கையில்தான் எல்லாருடைய நல்லது கெட்டதும் இருந்தது.

மின்னஞ்சலும் அப்படித்தான். ஒருவர் அனுப்பும் மடல் நேராக மற்றவர் கைப்பேசிக்குப் பாய்ந்து வருவதில்லை. நடுவில் ஒரு கணினி அதை வாங்கி, பெயர் பார்த்து, உரியவர் பெட்டியில் போட்டு வைக்கிறது. அதுதான் மின்னஞ்சல் செர்வர். இந்தக் காலத்துக் கிராணியார்!

தோட்டம் கலைந்தது, தொடர்பு கலையவில்லை

மலேசியாவின் முதல் வர்த்தகச் செம்பனைத் தோட்டமாக 1917இல் உருவான தென்னமாராம், பத்தாங் பெர்ஜுந்தை என்று முன்பு அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா பக்கத்தில்தான் இருக்கிறது. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு பல தோட்டங்களில் ஆட்களும் குறைந்தார்கள். பிள்ளைகள் ரவாங், கிள்ளான், ஷா ஆலாம் என்று குடிபெயர்ந்தார்கள். ஆனாலும் தோட்டத்துக் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் அவர்களை இன்னும் இழுத்துப் பிடித்து வைத்திருக்கின்றன.

திருவிழா நன்கொடை, பள்ளி வாரியக் கடிதம், முன்னாள் மாணவர் பட்டியல் என எல்லாம் இன்று மின்னஞ்சலில் போய் வருகின்றன. வடசிலாங்கூரில் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்ட மக்களின் வீட்டுடைமைப் போராட்டம் பல ஆண்டுகள் நீண்டது பலருக்குத் தெரியும். இப்படிப்பட்ட விவகாரங்களில், என்றோ வந்த ஒரு கடிதம்தான் பின்னாளில் சாட்சியாக நிற்கும். அது தொலைந்தால் வாய்ப்பேச்சு மட்டுமே மிஞ்சும்.

அதனால்தான், ‘நம் கடிதம் நம்மிடமே இருக்கட்டும்’ என்று எண்ணி, சங்கத்தின் பெயரிலேயே முகவரி வாங்கிச் சொந்தமாக செர்வர் நடத்தச் சிலர் முன்வருகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால், கடிதப் பையைக் கையில் வாங்கினால் காவலும் சேர்ந்தே வருகிறது.

எப்படி இயங்குகிறது?

செர்வரில் இரண்டு வேலைக்காரர்கள் உண்டு. ஒருவர் தபால்காரர், மடலை வாங்குவதும் அனுப்புவதும் அவர் வேலை. வீட்ஸே வெனமா உருவாக்கி 1998இல் வெளிவந்த ‘போஸ்ட்ஃபிக்ஸ்’ அப்படிப்பட்ட மென்பொருள். மற்றவர் பெட்டிக் காவலர். மடலைச் சேர்த்து வைத்து, கடவுச்சொல் சொன்னவருக்கு மட்டும் திறந்து காட்டுவார். 2002இல் வந்த ‘டவ்காட்’ அந்த வகை. இரண்டும் இலவசம்.

செர்வருக்குப் பல வாயில்கள் உண்டு; ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒரு செர்வர் இன்னொரு செர்வருக்கு மடல் கொடுப்பது 25ஆம் வாயில் வழியாக. உறுப்பினர்கள் தங்கள் மடலை அனுப்ப 587 அல்லது 465. பெட்டியைத் திறந்து படிக்க 993. தேவையில்லாத வாயில்களை அடைத்து வைப்பதே முதல் பாதுகாப்பு. வீட்டு இணைய இணைப்பில் 25ஆம் வாயிலைச் சேவை நிறுவனங்களே பெரும்பாலும் அடைத்துவிடுகின்றன. ஆகவே, வீட்டு மூலையில் ஒரு பழைய கணினியை வைத்து இதை நடத்திவிடலாம் என்பது நடக்காத காரியம். தரவு மையத்தில் வாடகைக்கு ஒரு செர்வர் எடுப்பதே வழி.

உறையின் மேல் யார் பெயரும் எழுதலாம்

மின்னஞ்சல் அனுப்பும் முறை 1982இல் வகுக்கப்பட்டது. அப்போது இணையத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர். ஒருவரை ஒருவர் நம்பினார்கள். அனுப்புநர் பெயர் உண்மைதானா என்று சோதிக்கும் ஏற்பாடே அதில் இல்லை. உறையின் பின்னால் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம் அல்லவா? அதே நிலைதான். அந்த நம்பிக்கைக்கு முதல் அடி 1988 நவம்பர் 2ஆம் தேதி விழுந்தது. ‘மோரிஸ் புழு’ என்ற நிரல், ‘சென்ட்மெயில்’ என்ற அஞ்சல் மென்பொருளில் இருந்த ஓட்டையையும் பயன்படுத்திப் பல கணினிகளை முடக்கியது.

இன்று போலிப் பெயரைப் பிடிக்க மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன. முதலாவது எஸ்.பி.எஃப். ‘எங்கள் பெயரில் மடல் அனுப்பும் உரிமை இந்த செர்வருக்கு மட்டுமே’ என்று உலகறிய எழுதி வைப்பது. இரண்டாவது டி.கே.ஐ.எம். ஒவ்வொரு மடலிலும் அரக்கு முத்திரை வைப்பது போல. வழியில் யாராவது திருத்தினால் முத்திரை பொருந்தாது. மூன்றாவது டிமார்க். முன்னிரண்டு சோதனையிலும் தோற்ற மடலை என்ன செய்ய வேண்டும் என்று, வாங்குகிற செர்வருக்குச் சொல்லி வைப்பது.

இவற்றை விருப்பப்பட்டால் செய்யலாம் என்ற காலம் போய்விட்டது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹுவும் விதியை இறுக்கிவிட்டன. ஜிமெயிலுக்கு ஒரே நாளில் 5,000 மடலுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றுமே கட்டாயம். சிறிய அளவில் அனுப்புவோருக்கும் முதலிரண்டில் ஒன்றாவது வேண்டும். இல்லையேல் கோயில் அழைப்பிதழ் குப்பைப் பெட்டிக்குப் போகும்; அல்லது போய்ச் சேரவே சேராது.

திருடன் எந்த வழியில் வருவான்?

முதல் வழி, கடவுச்சொல். செர்வர் இணையத்துக்கு வந்த சிறிது நேரத்திலேயே, யாரென்றே தெரியாத இயந்திரங்கள் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கத் தொடங்கிவிடும். தோட்டத்தின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த கடவுச்சொல் நெடுநேரம் தாங்காது. நீளமான கடவுச்சொல், இரண்டாவது சரிபார்ப்பு, பலமுறை தவறாக முயல்பவரைத் தானாகவே தடுக்கும் ஏற்பாடு ஆகிய மூன்றும் வேண்டும்.

பொருளாளரின் பெட்டி திருடன் கைக்குப் போய்விட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் அவசரப்பட மாட்டான். சில வாரம் படித்துக்கொண்டே இருப்பான். திருப்பணிக்குப் பணம் வரப்போகும் நேரம் பார்த்து, ‘வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது’ என்று ஒரே ஒரு மடல் அனுப்புவான். அது உண்மையான முகவரியிலிருந்தே வருவதால், மேலே சொன்ன மூன்று சோதனைகளும் அதைத் தடுக்காது. கணக்கு எண் மாறியதாக மடல் வந்தால், தெரிந்த எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பது ஒன்றே வழி.

இரண்டாவது வழி, திறந்த கதவு. யார் கொடுத்த மடலையும் யாருக்கும் அனுப்பும்படி செர்வரைத் தவறாக அமைத்துவிட்டால், குப்பை மடல் வியாபாரிகள் அதைத் தங்கள் லாரியாக்கிக்கொள்வார்கள். அதன் முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறும். பிறகு நல்ல மடலையும் யாரும் வாங்க மாட்டார்கள்.

மூன்றாவது, புதுப்பிக்காத மென்பொருள். 2021 மார்ச் 2ஆம் தேதி மைக்ரோசாஃப்ட், தன் ‘எக்ஸ்சேஞ்ச்’ செர்வரில் இருந்த நான்கு ஓட்டைகளுக்கு அவசரத் திருத்தம் வெளியிட்டது. அந்த ஓட்டைகள் வழியாக உலகெங்கும் பல்லாயிரம் செர்வர்கள் ஊடுருவப்பட்டன. திருத்தம் போட்ட பிறகும் பலர் தப்பவில்லை. காரணம், திருடன் ஏற்கெனவே உள்ளே தனக்கென்று ஒரு புறவாசல் வைத்திருந்தான். வெளிப்பூட்டை மாற்றினால் போதுமா, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டாமா?

பெயரை இழந்தால் எல்லாம் இழந்தது போல

செர்வர் எவ்வளவு பத்திரமாக இருந்தாலும், அதன் இணையப் பெயர் கைவிட்டுப் போனால் பயனில்லை. இதற்குப் பெரிய சாட்சி தமிழ்நாட்டில் உண்டு. தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்துள்ள ‘ஸோஹோ’ நிறுவனம் மின்னஞ்சல் சேவையும் நடத்துகிறது. 2018 செப்டம்பர் 24ஆம் தேதி, அதன் பெயரைப் பதிந்து வைத்திருந்த அமெரிக்க நிறுவனம் அந்தப் பெயரை முடக்கியது. சில பயனர்கள் மோசடி மடல் அனுப்பியதாக வந்த புகார்களே காரணம். தங்களுக்கு வந்தவை மூன்றே புகார்கள் என்றது ஸோஹோ. 3 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களைக் கொண்ட நிறுவனத்தின் தலைவர் ஸ்ரீதர் வேம்பு, டுவிட்டரில் பகிரங்கமாக முறையிட வேண்டியதாயிற்று. செர்வர் ஒன்றும் பழுதாகவில்லை. வாசலில் மாட்டிய பெயர்ப்பலகையை யாரோ கழற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்!

சிறிய சங்கங்களுக்கு ஆபத்து வேறு விதத்தில் வருகிறது. கணினி தெரிந்த ஓர் இளைஞர் ஆர்வத்தோடு எல்லாவற்றையும் அமைத்துத் தருவார். பெயர் அவர் சொந்தக் கணக்கில் பதிவாகியிருக்கும். பிறகு அவர் சிங்கப்பூருக்கோ பினாங்குக்கோ வேலைக்குப் போய்விடுவார். ஆண்டுக் கட்டணம் கட்ட ஆள் இருக்காது. காலாவதியான பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவருக்கே அதன் பிறகு அந்த முகவரிக்கு வரும் எல்லா மடலும் போகும். ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று சொல்லி, அந்த முகவரியோடு இணைந்த மற்ற கணக்குகளையும் அவர் திறந்துவிட முடியும்.

ஆகவே, பெயர் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். திறவுகோல் இருவரிடமாவது இருக்க வேண்டும். நிர்வாகக் குழு மாறும்போது, வங்கிப் புத்தகத்தோடு இதையும் கணக்குக் காட்டி ஒப்படைக்க வேண்டும். மடல்களின் நகல் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். அந்த நகலை மீண்டும் திறக்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்தும் பார்க்க வேண்டும்.

வாரந்தோறும் ஒரு மணி நேரமாவது ஒதுக்கிப் பதிவேட்டைப் பார்த்து, மென்பொருளைப் புதுப்பிக்க ஆள் இருந்தால் சொந்த செர்வர் நடத்தலாம். இல்லையென்றால், சொந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, அஞ்சல் வேலையை நம்பகமான நிறுவனத்திடம் விடுவதில் வெட்கம் ஏதுமில்லை. பெயர் கையில் இருக்கும் வரை, நாளை வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

அப்படியும் பணம் ஏமாந்து போனால், உடனே தங்கள் வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழைக்க வேண்டும். ஊடுருவல் என்றால் சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் ‘சைபர்999’ சேவையில் புகார் செய்யலாம்.

அன்று கிராணியார் விடுப்பில் போனால், பையை யாரிடம் கொடுத்துப் போனார் என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். இன்று உங்கள் சங்கத்தின் கடிதப் பை யார் கையில் இருக்கிறது? அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியாக இதைக் கேட்டுப் பாருங்கள்.