மரபுரிமையும் பதிலீடும்: உருத்திரபுரத்துக் காணியுரிமையை முன்வைத்து ஓர் எண்ணக்கரு விளக்கம்

அரச திணைக்களங்களும் வங்கிகளும் தமது அலுவல்களைக் கணினிக்கு மாற்றும்போது, தாம் கையாளும் எண்ணக்கருக்களை முதலில் வரைபடமாக வகுத்துக்கொள்கின்றன. அவ்வரைபடத்தை ஆக்கும் கருவியே நிறுவனக் கட்டமைப்பு மென்பொருள். 'உரிமையாளர்' என ஒரு கட்டம், 'காணி' என ஒரு கட்டம், இரண்டையும் இணைக்க ஒரு கோடு என அது அமையும். இதனைத் தொழினுட்பவியலாளரின் தனி அலுவலென நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை. ஒரு சமூக உறவு எப்பெயரால் பதியப்படுகின்றது என்பது, அவ்வுறவில் யார் எதனைப் பெறுவர் என்பதனையும் பாதிக்கின்றது.

இவ்வரைபடங்களின் அடிப்படை உறவுகளுள் ஒன்று மரபுரிமை. பொது எண்ணக்கருவுக்குரிய பண்புகள் அனைத்தும் அதன் சிறப்பு எண்ணக்கருவுக்கும் வந்துசேரும் என்பதே அதன் பொருள். நோர்வேயில் ஒலெ-யோஹான் டாலும் கிறிஸ்டென் நைகார்டும் ஆக்கிய சிமுலா 67 என்னும் கணினி மொழி இதற்கு முதல் வடிவம் தந்தது. நைகார்ட் 1970களில் அந்நாட்டு இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் இணைந்து பணியாற்றியவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. தமிழ் மாணவருக்கு இக்கருத்துப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கின்றது. மேற்படி ஒவ்வொன்றும் கீழ்ப்படியின் அறிவு முழுவதையும் பெற்று, புதிதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்கின்றது. எதுவும் இழக்கப்படுவதில்லை.

இழப்பின்மையே பதிலீட்டுக்கு நிபந்தனையாகும். பொது எண்ணக்கரு நிற்கும் இடமெங்கும் சிறப்பு எண்ணக்கருவை வைத்தாலும் வழு நேரலாகாது. 1987இல் பார்பரா லிஸ்கோவ் முன்வைத்த இவ்விதியை, 1994இல் அவரும் ஜெனற் விங்கும் மேலும் துல்லியமாக்கினர். சிறப்பு வகையானது பொது வகையைவிடக் கூடுதலாகக் கேட்கவும் கூடாது. குறைவாகக் கொடுக்கவும் கூடாது என அதனைச் சுருக்கிக் கூறலாம்.

இவ்வளவுகோலை உருத்திரபுரத்தில் வைத்துப் பார்ப்போம். இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி எழுந்த விவசாயக் குடியேற்றங்களுள் இதுவும் ஒன்று. இத்தகைய குடியேற்றங்களில் அரச காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்டன. முதலில் அனுமதிப்பத்திரம், நிபந்தனைகள் நிறைவேறியபின் அளிப்புப்பத்திரம். தனியார் உறுதிக் காணி இவற்றின் வேறானது. மென்பொருள் வரைவோர் உறுதிக்காரரைக் கொண்டு 'உரிமையாளர்' என்ற பொதுக்கட்டத்தை வகுத்து, அனுமதிப்பத்திரக்காரரையும் அதன்கீழ்ச் சிறப்பு வகையாக இட முற்படுவது இயல்பே. மூவரும் உழுகின்றனர், விதைக்கின்றனர், அறுக்கின்றனர் அன்றோ?

ஆயின் பதிலீட்டுச் சோதனை இங்கு தோற்கின்றது. உறுதிக்காரர் தம் காணியை விரும்பியவருக்கு ஈடு வைக்கலாம். அளிப்புப் பெற்றவரோ சட்டம் குறித்த நிறுவனங்களுக்கே ஈடு வைக்கலாம். அவர் விற்பதற்கும் அரச சம்மதம் வேண்டும். இது 'கூடுதலாகக் கேட்டல்'. தேசவழமைக்குட்பட்டவரின் உறுதிக் காணி அவ்வழமைப்படி வாரிசுகளிடையே பங்காகப் பிரியும். இக்கட்டளைச் சட்டமோ ஏனைய பின்னுரிமைச் சட்டங்களைத் தன் காணிகளுக்குப் பொருந்தாதன ஆக்கி, பின்னுரித்தாளருக்கெனத் தனி ஒழுங்கை விதிக்கின்றது. பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்படாத வாழ்க்கைத்துணை காணியை அடையலாம். மறுமணம் செய்யின் அவ்வுரித்து முடிவுறும். இது 'குறைவாகக் கொடுத்தல்'. பெயர் குறிக்கப்படாதவிடத்துப் பெண்மக்களுக்கு முன் ஆண்மக்களை நிறுத்திய அட்டவணை 2022இலேயே திருத்தப்பட்டது. எண்ணக்கருவின் மரபுரிமையைத் தவறாக வரைந்தால், பெண்ணின் காணி மரபுரிமையும் தவறாகவே பதியப்படும். 2008–2009 இடப்பெயர்வில் ஆவணங்கள் பல அழிந்துபோன வன்னியில், பதிவேட்டில் நிகழும் இவ்வழு ஒரு குடும்பத்தின் வயலையே கேள்விக்குள்ளாக்கும்.

தீர்வு என்ன? ஆளை வகைப்படுத்துவதை விடுத்து, உறவை வகைப்படுத்துவதாகும். சர்வதேசத் தர நிர்ணய நிறுவனம் 2012இல் வெளியிட்ட 19152ஆம் இலக்கக் காணி நிர்வாக மாதிரி இவ்வழியே செல்கின்றது. அதில் ஆள் ஒரு புறமும் காணி மறு புறமும் நிற்க, உரித்து, கட்டுப்பாடு, பொறுப்பு என்ற மூன்றும் இடையில் தனித்தனி எண்ணக்கருக்களாக அமைகின்றன. அனுமதிப்பத்திரக்காரர் 'குறைவுபட்ட உரிமையாளர்' ஆகத் தோன்றாது, குறித்த சில உரித்துகளும் கட்டுப்பாடுகளும் உடையவராகத் தோன்றுகின்றார்.

உடைமை என்பது பொருளொன்றின் பண்பன்று, அப்பொருள்வழி மனிதரிடையே நிலவும் உறவு என்று மார்க்ஸ் காட்டியதை ஈண்டு இணைத்து நோக்கலாம். 'உருத்திரபுரம் காலபோகத்துக்கு விதைத்துவிட்டது' என்பது இடவாகுபெயர். வழக்கில் அப்பதிலீடு தகும். ஆனால் விதைத்தவர் பத்திரம் பெற்றவரா, குத்தகைக்காரரா, கூலிக்கு வந்தவரா என்பதனை அது மறைத்துவிடுகின்றது. இலக்கணம் அறிந்தவர் ஆகுபெயரை ஆகுபெயரெனக் கண்டு அதன் பொருளை உணர்வர். கணினிக்கு அவ்வுணர்வு இல்லை. கட்டத்தில் எழுதிய பெயரையே அது உண்மையாகக் கொள்ளும். பத்திரமெதுவும் இன்றிப் பிறர் வயலில் உழைப்போருக்கு மேற்கூறிய வரைபடத்தில் ஒரு கட்டமேனும் இல்லை. எனவே, எண்ணக்கரு வரைபடம் ஒன்று நம் முன் வைக்கப்படும்போது, எது எதன் வகை என்று கேட்பதோடு அமையாது, எதனை எதற்குப் பதிலாக வைத்தால் யார் இழப்பர் என்றும் கேட்டல் வேண்டும்.